காலியாக விடாத கட்டம்

1

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு விருதுநகரிலிருந்து என் சித்தி மகள் தனம் போன் செய்தாள். இன்ஜினியரிங் படிக்கும் அவளுடைய மூத்தவனுக்குப் படிப்பு முடியும் முன்பே வேலை கிடைத்துவிட்டதாம். அதைச் சொல்லி முடித்ததும் என் மகளைப் பற்றிக் கேட்டாள்.

“சுபா என்ன படிக்கிறா? கணக்குல புலின்னு லெட்டர் லெட்டரா எழுதுவியே. பிளஸ் ஒன்னுல மேத்ஸ் குரூப்புதானே?”

“படிக்கிறா,” என்றேன்.

“அதான் என்ன குரூப்புன்னு கேக்குறேன்.”

லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தமானில் லைன் சரியில்லை என்றால் ஊரில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அன்று பக்கத்து வீட்டிலிருந்து பேசுவதுபோல் அவள் குரல் தெளிவாகக் கேட்டது.

போர்ட் பிளேருக்கு வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வந்த நாளிலிருந்து டைரி எழுதுகிறேன். ஃபீனிக்ஸ் பே படகுத்துறைக்கு எதிரே ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. கணவர் மாரியப்பன் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் இன்ஜின் ரூமில் இருக்கிறார்; மாதத்தில் பாதி நாள் கடலில். பத்துபஸ்தி குவார்ட்டர்ஸில் நாங்கள் மூன்று பேர். சுபாவுக்குப் பதினாறு வயது.

தனத்துக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன். நாள், கிழமை எல்லாம் டைரிகளில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்து வரிசை மாறாமல் எழுதியிருக்கிறேன். அந்த எண்களை இங்கே நிரப்பவில்லை.

2

சுபா மூன்று வயது வரை பேசவில்லை. இங்கே பார்க்க ஆளில்லை என்பதால் மூன்று நாள் கப்பலில் சென்னைக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு டாக்டர் ஆட்டிசம் என்றார். அந்தச் சொல்லை அன்றுதான் முதலில் கேட்டேன். நோட்டில் எழுதிக்கொண்டு, எழுத்து சரியா என்று அவரிடமே காட்டினேன்.

“வீட்டில் எத்தனை பாஷை?” என்று கேட்டார்.

வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தி, மேல் வீட்டில் வங்காளம், கீழ் வீட்டில் மலையாளம் என்றேன்.

“ஒன்றே ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் எதில் வாழப்போகிறாளோ அதை.”

அவள் போர்ட் பிளேரில் வாழப்போகிறவள். எனவே ஹிந்தி. திரும்பும் கப்பலிலேயே ஆரம்பித்தோம். பெற்ற மகளிடம் தமிழில் பேசக் கூடாது என்று நானும் கணவரும் ஒரு விதி வைத்துக்கொண்டோம். பதிமூன்று ஆண்டுகளாக அதை மீறவில்லை. அந்த ஆலோசனை தவறு, எத்தனை மொழி இருந்தாலும் குழந்தைக்குக் கெடுதல் இல்லை என்று பிற்பாடு வேறொரு டாக்டர் சொன்னார். அதற்குள் சுபாவுக்குப் பன்னிரண்டு வயது. தமிழ் அவளுக்குப் பக்கத்து வீட்டுச் சத்தங்களில் ஒன்றாகிவிட்டது.

எங்கள் ஹிந்தி பஜார் ஹிந்தி. இந்தத் தீவில் யாரும் ஹிந்தியின் ஆண்பால் பெண்பாலைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சுபா மட்டும் பாடப்புத்தகத்தில் உள்ளபடி பேசுவாள். ஒருநாள் அப்பாவின் கப்பல் வந்துவிட்டது என்று அவளுக்குச் சொல்ல, “பாப்பா கீ ஜஹாஜ் ஆயீ” என்றேன். என் முகத்தைப் பார்க்காமல், “பாப்பா கா ஜஹாஜ் ஆயா,” என்று திருத்தினாள். கப்பல் ஆண்பாலாம். கப்பலில் வந்தவர் குளித்துவிட்டு வந்து சிரித்தார்.

“அப்பன் ஆம்பளன்னா கப்பலும் ஆம்பளதானே திலகா. இது தெரியாம நீ எப்படி சர்க்கார் வேலை பாக்கே?”

நான் இப்போது எழுதுவதை அவளால் படிக்க முடியாது. அதனால்தான் தமிழில் எழுதத் துணிந்தேனோ என்னவோ.

3

சுனாமி வந்த ஆண்டு அவளுக்கு ஏழு வயது. அதற்கடுத்த மழைக்காலத்தில், சமையலறைத் தரையில் புளியங்கொட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மூலையில் ஒன்று. அதைச் சுற்றி இரண்டு பக்கமும் மடித்து மூன்று. அதைச் சுற்றி ஐந்து. பிறகு ஏழு. ஒவ்வொரு சுற்றும் முடியும்போது தரையில் ஒரு சரியான சதுரம் இருந்தது. பத்தொன்பது வைத்து முடித்ததும் எழுந்து போய்விட்டாள். விளையாட்டு என்று நினைத்துக் கூட்டிப் பெருக்கினேன். அன்று அவள் அழுத அழுகைக்குக் கீழ் வீட்டு மலையாளிகள் ஓடிவந்தார்கள்.

அதன் அர்த்தத்தைச் சொன்னவர் பத்மா டீச்சர். சுபாவின் பள்ளியில் கணக்கு ஆசிரியை. பெற்றோர் தெலுங்கர்கள், பிறந்து வளர்ந்தது போர்ட் பிளேர். சுபா ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது நோட்டை எடுத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கே வந்தார்.

“அக்கா, இத யாரு சொல்லிக் குடுத்தாங்க?”

“யாரும் இல்லை. என்ன தப்பு?”

“தப்பா? ஒத்தப்படை நம்பரை வரிசையா கூட்டினா ஸ்கொயர் வரும்னு படம் போட்டு வெச்சிருக்கா. முதல் நூறு ஒத்தப்படை நம்பரையும் கூட்டினா எவ்ளோன்னு கேட்டேன். பத்தாயிரம்னு சொல்லிட்டு டிபன் சாப்பிடப் போயிட்டா. நான் இத லெவன்த்துக்கு எடுக்கறேன் அக்கா, அவங்களுக்கே ஏறாது.”

அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் பள்ளி முடிந்தபின் சுபாவை உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தார். அதற்கு எந்த உத்தரவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு உண்டு. முன்னால் போய்விட்ட பிள்ளைக்கு எதுவும் கிடையாது. பிறகு, இந்தத் தீவுகளில் யாருக்கும் தவறாமல் வருவது அவருக்கும் வந்தது. தென்கோடித் தீவில் இருக்கும் கேம்ப்பெல் பேக்கு மாற்றல். கப்பலில் இரண்டு மூன்று நாள் தூரம்.

அங்கே தபால் எப்போது போய்ச் சேரும் என்று தபால்காரருக்கே தெரியாது. எனவே இங்கே எல்லோரும் செய்வதையே நாங்களும் செய்தோம். கப்பலில் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவது. மருந்து, மூக்குக்கண்ணாடி, கல்யாணப் பத்திரிகை, எல்லாம் அப்படித்தான் போகும். பத்மா டீச்சர் ஒரு பழுப்பு உறையில் பத்துக் கணக்குகள் எழுதித் துறைமுகத்தில் மாரியப்பனிடம் கொடுப்பார். அடுத்த நடையில் விடை போகும்.

“ரெண்டு பேரும் கணக்குலயே பேசிக்கிடுதீங்க. நடுவுல நான் என்னத்துக்கு, புறாவா?” என்று டீச்சரிடம் சொல்வாராம் மாரியப்பன். ஆனால் அந்த உறையைக் கிரீஸ் படாமல் பாலிதீன் பையில் சுற்றி, சட்டைக்குள் வைத்துக் கொண்டுவருவார்.

ஒன்பதாம் வகுப்புக்கு வருவதற்குள் சுபா பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கை முடித்துவிட்டாள்.

4

இனி என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது இல்லாமல் மற்றது விளங்காது.

சுனாமிக்குப் பிறகு என்னை நிவாரண முகாமில் பட்டியல் சரிபார்க்கும் வேலைக்குப் போட்டார்கள். கச்சல் தீவிலிருந்து கொண்டுவந்திருந்த தமிழர்கள் வரிசையில் நின்றார்கள். இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து அங்கே ரப்பர்க் காட்டில் வேலை பார்த்தவர்கள். என் வயதுள்ள ஒருத்தி மேசை முன்னால் வந்து நின்றாள். பெயர், ஊர், குடும்பத்தில் எத்தனை பேர் எல்லாம் சொன்னாள். அத்தாட்சி கேட்டேன்.

“கடலு கொண்டுபோயிருச்சுங்க.”

“ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, எதுவும் இல்லையா?”

“வூடே இல்லீங்க. வூட்டுல இருந்த பேப்பருக்கு எங்கிட்டுப் போறது?” பிறகு தன் கையைத் தூக்கி என் முகத்துக்கு நேரே திருப்பித் திருப்பிக் காட்டினாள். “பேப்பரு இல்லாட்டி என்னையப் பாத்தா ஆளு மாதிரி தெரியலீங்களா?”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று டைரியில் எழுதியிருக்கிறேன். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டபின், எட்டாம் நாள் அவள் பெயரைப் பட்டியலில் ஏற்றினேன். அந்த எட்டு நாளும் அவள் எங்கே படுத்தாள் என்று கேட்கவில்லை.

அந்த முகாமில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். காகிதம் உள்ளவர்களுக்குத் தகரக் கொட்டகை கிடைத்தது. இல்லாதவர்கள் காத்திருந்தார்கள். எந்தப் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்ததோ அது திரும்பி வந்தது. என் மகளுக்கு எது வந்தாலும் காகிதம் இல்லாமல் அவள் நிற்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

5

ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் சுபா பாதியில் எழுந்து ஓடிவிட்டாள். எங்கள் வீட்டுக்கு மேல் விமானம் கூரையை உரசுவதுபோல் போகும். அதற்கு அவள் பயப்படுவதில்லை. அது வரும் நேரம் அவளுக்குத் தெரியும். தேர்வு அறையில் பின்னாலிருந்து யாரோ பெஞ்சை இழுத்திருக்கிறார்கள், மணி அடித்திருக்கிறது, கண்காணிப்பாளர் தோளைத் தொட்டிருக்கிறார். மூன்றும் சொல்லாமல் வந்தவை.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குத் தனி அறையும் கூடுதல் நேரமும் தருவதாகப் பள்ளியில் சொன்னார்கள். அதற்கு ஊனச் சான்றிதழ் வேண்டும். விண்ணப்பிக்க ஒன்பது நாள் இருந்தது.

மருத்துவமனையில் இருந்தவர் மெயின்லேண்டிலிருந்து வந்த இளம் டாக்டர். நல்லவர். அவர் ஹிந்தியில் பேசியதைத் தமிழில் தருகிறேன். அவளிடம் முக்கால் மணி நேரம் கேள்விகள் கேட்டார். வாழைப்பழம் என்ன நிறம், ஒரு வாரத்தில் எத்தனை நாள். சுபா சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்பவருக்குத் தெரிந்த விஷயத்தை அவருக்கே சொல்வது அவளுக்குப் பிடிக்காது. அதை நான் விளக்கினேன். டாக்டர் தலையாட்டினார், ஆனால் மதிப்பெண் தாளில் விளக்கத்துக்கு இடமில்லை.

“மேடம், இந்தப் படிவத்தில் ஆட்டிசத்துக்குக் கட்டமே இல்லை,” என்றார். “பார்வை, காது, கை கால், மனநோய், மூளை வளர்ச்சிக் குறைவு, இப்படித்தான் இருக்கிறது. நான் எதிலும் டிக் செய்யாமல் கீழே குறிப்பு எழுதுகிறேன். மெயின்லேண்டிலிருந்து ஸ்பெஷலிஸ்ட் வரும்போது பார்த்து முடிவு செய்யட்டும்.”

“அவர் எப்போது வருவார்?”

“இரண்டு மாதம், நான்கு மாதம். உத்தரவு வர வேண்டும்.”

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அன்று டைரியில் குறித்திருக்கிறேன். “டாக்டர், காலியாக மட்டும் விடாதீர்கள். கட்டம் காலியாக இருந்தால் ஃபைல் திரும்பி வரும். நான் இருபது வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். ஏதாவது ஒன்றில் டிக் செய்யுங்கள்.”

“இது நிரந்தரச் சான்றிதழ், மேடம். யோசித்துச் சொல்லுங்கள்.”

“யோசித்துவிட்டேன்.”

மூளை வளர்ச்சிக் குறைவு என்ற கட்டத்தில் அவர் டிக் செய்தார். நான் பெயரின் எழுத்து, தகப்பன் பெயர், முத்திரை, கையொப்பம் எல்லாம் சரிபார்த்தேன். அபர்டீன் பஜாரில் ஆறு நகல் எடுத்தேன். அசலுக்கு லேமினேஷன் போட்டேன்.

மாரியப்பன் கப்பலிலிருந்து வந்ததும் காட்டினேன். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

“இதுல இருக்கது நம்ம சுபாவா?”

“ஒரு கட்டம்தாங்க. தனி ரூம் கிடைக்கும்.”

“கட்டம்ங்கே. புள்ளைய நீயே எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கியே திலகா.”

அந்த முறை உறையை வாங்கிக்கொள்ளாமலே கப்பலுக்குப் போய்விட்டார். துறைமுகம் வரை ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

6

தனி அறை கிடைத்தது. கணக்கில் ஏ ஒன் வந்தது. பதினோராம் வகுப்பில் கணக்குப் பிரிவுக்கு விண்ணப்பத்தைக் கொண்டுபோனேன். பிரின்சிபல் மெயின்லேண்டுக்காரர், மரியாதையானவர். எனக்கு டீ வரவழைத்தார்.

“மேடம்ஜி, சான்றிதழ் உண்மை என்றால் மார்க் எப்படி வந்தது என்று என்னைக் கேட்பார்கள். தனி அறையில் ஒரே ஒரு கண்காணிப்பாளர் இருந்திருக்கிறார். மார்க் உண்மை என்றால், சான்றிதழ் எப்படி வந்தது என்று உங்களைக் கேட்பார்கள். இரண்டையும் நான் ஒரே ஃபைலில் வைக்க முடியாது.”

“இரண்டுமே அவள்தான், சார்.”

“அம்மாவாக நீங்கள் சொல்கிறீர்கள். ஒரு எழுத்தராகச் சொல்லுங்கள். நீங்கள் என் இடத்தில் இருந்தால் இந்த ஃபைலை அனுப்புவீர்களா?”

டீயைக் குடித்தேன். அனுப்ப மாட்டேன் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

சிறப்புக் குழந்தைகளுக்கான தொழிற்பயிற்சி அறையைக் காட்டினார். காகிதப் பை செய்யும் இடம். புது மின்விசிறி போட்டிருந்தார்கள். “இங்கே யாரும் இவளை அவசரப்படுத்த மாட்டார்கள்,” என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

வேறு பள்ளி இல்லையா என்று கேட்பீர்கள். இரண்டு இடங்களில் கேட்டேன். மாற்றுச் சான்றிதழில் குறிப்பு என்ற இடத்தில் அவளுடைய ஊனத்தின் பெயர் எழுதியிருந்தது. அதைப் படித்ததும் இடமில்லை என்றார்கள். சான்றிதழை ரத்து செய்யலாமே என்பீர்கள். மருத்துவமனையில் கேட்டேன். மறு பரிசோதனைக்கு ஸ்பெஷலிஸ்ட் வர வேண்டும். ரத்தானால் தனி அறையும் கூடுதல் நேரமும் சேர்ந்து ரத்தாகும். ஆட்டிசம் உள்ளவளாக இருந்தால் கணக்கு கிடையாது. கணக்கு வேண்டுமென்றால் ஆட்டிசம் இல்லாதவளாக இருக்க வேண்டும். இரண்டும் உள்ள பிள்ளையை வைக்க எந்த அலமாரியிலும் தட்டு இல்லை.

நான் விடாமல் மனு எழுதினேன். ஐந்தாவது மனுவுக்குப் பிறகு பிரின்சிபல் ஒரு வழி சொன்னார். ஒரு குழு முன்னால் சுபா பத்துக் கணக்குகள் போட்டுக் காட்ட வேண்டும். போட்டால் மார்க் அவளுடையது என்று அவரே எழுதி, மேலே சிபாரிசு செய்து, கணக்குப் பிரிவில் சேர்த்துக்கொள்வார்.

பத்துக் கணக்குதானே என்று வீட்டில் பாயசம் வைத்தேன்.

7

குழுவில் மூன்று பேர். பிரின்சிபல், சரித்திர ஆசிரியை ஒருவர், பள்ளி அலுவலக எழுத்தர் ஒருவர். கணக்கு ஆசிரியர் இல்லை. பத்மா டீச்சர் போனதிலிருந்து அந்த இடம் காலி. கேள்விகளைப் பழைய கேள்வித்தாள்களிலிருந்து எடுத்து அலுவலகத்தில் டைப் செய்திருந்தார்கள்.

நான் கேட்டபடி மின்விசிறியை நிறுத்தினார்கள். பேசக் கூடாது என்ற நிபந்தனையில் என்னை மூலையில் உட்காரவிட்டார்கள். சுபாவின் முன்னால் இரண்டு தாள்கள். மேல் தாளில் ஒரே ஒரு கேள்வி. பக்கத்தில் ஒரு முக்கோணம் வரைந்திருந்தது. பக்கங்கள் நான்கு, ஐந்து, பத்து சென்டிமீட்டர் உள்ள முக்கோணத்தின் பரப்பளவு என்ன?

சுபா பார்த்தாள். பேனாவைக் கீழே வைத்தாள்.

“யே திரிபுஜ் நஹீ ஹை,” என்றாள். இது முக்கோணம் இல்லை.

சரித்திர ஆசிரியை எழுந்து வந்து படத்தின் மேல் விரல் வைத்தார். “இதோ பார் குழந்தை. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று பக்கம். இது என்ன?”

“நஹீ ஹை.”

“நன்றாகப் பார்.”

“நஹீ ஹை.”

எழுத்தர் பிரின்சிபலைப் பார்த்தார். பிரின்சிபல் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது. “பரவாயில்லை, அடுத்த தாளுக்குப் போகலாம் மகளே,” என்றார்.

அவள் போகவில்லை. முதல் கணக்கை முடிக்காமல் இரண்டாவதைத் தொட மாட்டாள். இந்தப் பழக்கம் அவளுக்கு யாரிடமிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

நிபந்தனையை மீறி நான் பேசினேன். எனக்குக் கணக்கு தெரியாது. ஆனால் தாளில் முக்கோணம் வரைந்திருக்கிறது, கேள்வி டைப் செய்திருக்கிறது, மேலே பள்ளியின் பெயர் இருக்கிறது. “சுபா, பிடிவாதம் பிடிக்காதே. முக்கோணம்தான் அது. எழுது,” என்று ஹிந்தியில் சொன்னேன். என் வாழ்க்கையில் அவளிடம் நான் உரத்துப் பேசிய சில தடவைகளில் அது ஒன்று.

அவள் இரண்டு கைகளாலும் காதுகளைப் பொத்திக்கொண்டாள். அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். தாள்களை வாங்கிக்கொண்டார்கள். எழுத்தர் குறிப்பேட்டில் எழுதியதை நான் தலைகீழாகவே படித்தேன். எங்கள் வேலையில் அது பழக்கம். ‘மாணவிக்கு முக்கோணத்தை அடையாளம் காணத் தெரியவில்லை.’

8

வீட்டுக்கு வந்ததும் சுபா விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சிகளை உருவினாள். ஸ்கேல் வைத்து அளந்து, நகத்தால் கிள்ளி ஒடித்தாள். பத்து சென்டிமீட்டரில் ஒன்றைத் தரையில் வைத்தாள். அதன் ஒரு முனையில் நான்கு சென்டிமீட்டர் குச்சி. மறுமுனையில் ஐந்து. இரண்டையும் சாய்த்து நுனிகளைச் சேர்க்கப் பார்த்தாள். எட்டவில்லை. இன்னும் சாய்த்தாள். எட்டவில்லை. தரையோடு தரையாகப் படுக்க வைத்தாள். அப்போதும் நடுவில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தது.

என்னைக் குற்றம் சொல்ல அவள் அதைச் செய்யவில்லை. ஒரு விஷயம் அப்படி இருக்கிறது என்பதை வைத்துவிட்டு, முகம் கழுவப் போய்விட்டாள்.

அந்த ஒரு சென்டிமீட்டர் இடைவெளி முன்னால் நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான்கும் ஐந்தும் சேர்ந்தால் ஒன்பது. பத்தை எப்படித் தொடும்? இதற்குக் கணக்கு தெரிய வேண்டியதே இல்லை. அந்த அறையில் படித்த பெரியவர்கள் நான்கு பேர் இருந்தோம்.

மறுநாள் மேல்முறையீடு எழுதினேன். கேள்வி பிழையானது, அதைக் கண்டுபிடித்தவள் மாணவி, கண்டுபிடிக்காதவர்கள் குழுவினரும் தாயாரும். கடைசியில் எழுதினேன். ‘இணைப்பு: ஈர்க்குச்சிகள், மூன்று.’ குச்சிகளை ஓர் அட்டையில் நூலால் கட்டினேன். பத்மா டீச்சருக்கும் ஒரு நகல் கொடுத்தனுப்பினேன். அவர் பதிலில் ஒரே வரி எழுதியிருந்தார். டைப் செய்தவர் எட்டைப் பத்தாக அடித்திருப்பார், சுபா செய்தது நூற்றுக்கு நூறு சரி என்று.

“நான் போயி கேக்கட்டுமா?” என்றார் மாரியப்பன்.

“எழுதிக் கேட்டிருக்கேங்க. பதில் எழுத்துல வரும்.”

“எழுத்து எழுத்துன்னு இன்னும் எத்தனை நாளைக்குட்டி?” என்று கேட்டுவிட்டு வெளியே போனார்.

ஏழு வாரத்தில் பதில் வந்தது. தமிழில் தருகிறேன்.

‘முதலாம் கேள்வி பிழையானது என்பது ஏற்கப்படுகிறது. எனவே அக்கேள்வி கணக்கில் எடுத்துக்கொள்ளப்படாமல் நீக்கப்படுகிறது. எஞ்சிய ஒன்பது கேள்விகளுக்கும் மாணவி விடையளிக்காததால் முந்தைய முடிவில் மாற்றமில்லை. இவ்வாண்டுச் சேர்க்கை முடிந்துவிட்டது. இணைப்புகள் திருப்பி அனுப்பப்படுகின்றன.’

அட்டையும் குச்சிகளும் பத்திரமாக இருந்தன. ஒன்றுகூட ஒடியவில்லை.

கடிதத்தை எத்தனையோ முறை படித்தேன். தேதி, எண், என் மனுவைக் குறிக்கும் ‘பார்வை’ வரி, எல்லாம் முறைப்படி இருந்தன. ஒரு சொல்லைக்கூட நீக்க முடியாது. நிவாரண முகாம் மேசையில் உட்கார்ந்து நான் எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன்.

சுபாவிடம் ஹிந்தியில் வாசித்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். அழவில்லை. கேள்வி பிழை என்று ஒப்புக்கொண்ட இடத்தில் மட்டும் ஒருமுறை தலையாட்டினாள். பிறகு கேட்டாள்.

“பாக்கி நௌ?”

மற்ற ஒன்பது என்ன என்று கேட்கிறாள். இரண்டாவது தாளை அவள் பார்க்கவே இல்லை. கணக்குப் பிரிவு, சேர்க்கை, சான்றிதழ், இவை எதுவும் அவளுக்குப் பொருட்டில்லை. பார்க்காமல் விட்ட ஒன்பது கணக்குகள் எங்கோ இருக்கின்றன என்பதுதான் அவளை அரிக்கிறது. கேள்வித்தாளின் நகல் கேட்டுப் பள்ளிக்கு எழுதினேன். அது குழுவின் பதிவேடு, வெளியே தர இயலாது என்று பதில் வந்தது.

9

இப்போது காலை ஒன்பது மணிக்குக் காகிதப் பை அறையில் அவளை விட்டுவிட்டு நான் அலுவலகம் போகிறேன். மாலையில் பசை காய்ந்த விரல்களோடு வருகிறாள். பத்மா டீச்சரின் உறை இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது, கப்பல் ஓடும் மாதங்களில். ஆனால் அதை வைத்து எந்தப் பள்ளியும் ஒரு மார்க்கூடப் போடாது. அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிப்பேன். ஸ்பெஷலிஸ்ட் வருவார் என்கிறார்கள். சென்ற ஆண்டும் அப்படித்தான் சொன்னார்கள்.

பைகளுக்கான காகிதத்தைப் பள்ளியே தருகிறது. ஸ்டோர் ரூமில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் பழைய கேள்வித்தாள்கள். சுபா ஒவ்வொன்றையும் எடுத்து இரண்டு பக்கமும் பார்க்கிறாள். கணக்குத் தாளாக இருந்தால் அதிலுள்ள எல்லாவற்றையும் மனதிலேயே போட்டு முடித்த பிறகுதான் மடிக்கிறாள். அந்த ஒன்பதும் இவற்றில் எங்காவது இருக்கும் என்று நினைக்கிறாளா, அல்லது எதுவாக இருந்தாலும் போதும் என்று இருக்கிறாளா, எனக்குத் தெரியவில்லை.

நேற்று அவளுடைய முன்னேற்ற அறிக்கை வந்தது. மற்ற பிள்ளைகள் ஒரு நாளில் நாற்பது பைகள் செய்கிறார்களாம், இவள் ஆறு. கீழே பயிற்சியாளர் நல்ல கையெழுத்தில் எழுதியிருந்தார்: ‘கற்கும் ஆர்வம் இல்லை. ஒட்டுவதற்கு முன் தாளைப் படித்துக்கொண்டிருக்கிறாள். வீட்டில் கண்டிக்கவும்.’